கிணற்று நீரில் எண்ணெய் வாடை

பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய சித்தூர்ப் பகுதியிலும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு மலைச்சரிவுகளிலும் வாழும் நம்மவர் பலருக்கு இன்றும் கிணறும் ஊற்றுமே குடிநீர். இரும்புச் சத்து மிகுந்த செம்மண் நிலத்தில் தேங்கிய நீரின்மேல் வானவில் நிறங்காட்டும் மெல்லிய ஏடு படர்வதுண்டு. கண்டவுடன் அஞ்ச வேண்டுவதில்லை. ஒரு குச்சியால் அதைக் கலைத்துப் பார்ப்போம். சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நின்றால், அது பெரும்பாலும் இரும்பைச் சார்ந்து வாழும் நுண்ணுயிர்களின் வேலை. கலைத்த இடத்தில் மீண்டும் கூடிக்கொண்டால், எண்ணெய் என ஐயுற இடமுண்டு.

அவ்வையம் வீணன்று என்பதற்குச் சென்னைத் தண்டையார்பேட்டையே சான்று. 2013ஆம் ஆண்டில் அங்கே ஆழ்துளைக் கிணறுகளில் நீரோடு எண்ணெயும் வந்தது. துறைமுகத்திலிருந்து கிடங்குக்கு எண்ணெய் கொண்டு சென்ற பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் நிலத்தடிக் குழாயில் கசிவு ஏற்பட்டிருந்தது. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. அத்தகைய குழாய் நம் ஊரில் இல்லாதிருக்கலாம். ஆனால் பெட்ரோல் பங்குகளின் தொட்டிகளும் மண்ணுக்குள்தாம் புதைந்திருக்கின்றன.

பெட்ரோல் நீரைவிட இலேசானது. ஆதலால் மண்ணில் இறங்கி, நிலத்தடி நீர்மட்டத்தை அடைந்து, அதன்மேல் மிதக்கிறது. அதிலுள்ள பென்சீன் போன்ற பொருள்களோ நீரில் கரைந்து நெடுந்தூரம் செல்கின்றன. பென்சீன் இரத்தப் புற்றுநோயை விளைக்க வல்லது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மூக்கு உணரும் அளவோ அதனினும் பன்மடங்கு மிகுதி. வாடை இல்லை என்பதனால் நீர் நன்று என்று கொள்ளுதல் பெரும் பிழையாகும்.

ஆய்வாளர் வந்தால் முதலில் நீரைத் தொடமாட்டார், கணக்கைக் கேட்பார். பங்கின் இருப்புப் பேரேட்டில் நாள்தோறும் சிறு குறைவு தென்படுகிறதா? பழைய மண்ணெண்ணெய்க் கிடங்கு, வண்டி பழுதுபார்க்கும் பட்டறை எங்கே இருந்தன? அதன் பின்னரே மண்ணைத் துளைத்து, வெவ்வேறு ஆழங்களில் மண் எடுத்து, ஆவியைக் கருவியால் அளப்பார். நீரின் போக்கை அறியக் குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும். மூன்றிலும் நீர்மட்டத்தை ஒரே அளவுகோலில் ஒப்பிட்டால், நீர் எத்திசை சாய்கிறது என்பது புலப்படும். குழாயின் துளையுள்ள பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருத்தல் அவசியம். ஆழத்தில் மட்டும் துளையிருந்தால் மிதக்கும் எண்ணெய் அகப்படாமலே போய்விடும்.

நம் பகுதிக்கு வேறொரு சிக்கலும் உண்டு. இங்கே அடியில் இருப்பது கடும்பாறை. நீர் அதன் வெடிப்புகளின் வழியே ஓடுகிறது; எண்ணெயும் அவ்வாறே. அண்டை வீட்டுக் கிணறு தூய்மையாயிருக்க, அப்பாலுள்ள கிணறு கெடக்கூடும். கோடையில் வயலுக்கு இடைவிடாது இறைக்கும் ஆழ்துளைக் கிணறு மாசைத் தன்பால் இழுத்துக்கொள்ளவும் கூடும். மழைக்காலத்தில் நீர்மட்டம் எழுந்தால் எண்ணெய் மண்ணில் அப்பிக்கொள்ளும். ஆகவே ஒரே ஒருமுறை சோதித்துவிட்டுத் தீர்ப்புக் கூறுவதை நாம் ஏற்பதற்கில்லை.

ஐயம் எழுந்தவுடன் அந்நீரைக் குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்த வேண்டும். பிளீச்சிங் பவுடரால் எண்ணெய் நீங்காது. காய்ச்சினாலோ நச்சாவி அடுக்களையில் பரவும். கிணற்றுக்குள் விளக்கோ தீக்குச்சியோ கொண்டு எட்டிப்பார்த்தல் உயிருக்கே ஆபத்து. மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் காற்றிடமின்றி நிரப்பி, பனிக்கட்டியில் வைத்து, விரைந்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புதல் முறை. பிளாஸ்டிக் குப்பி உதவாது.

பஞ்சாயத்துக்கும் மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத்தில் தெரிவிக்கலாம். மலையாளத்தில் எழுத வராதே என்று தயங்குவோர் உளர். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளிலுள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே மறுமொழி பெறவும் 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. மனுவில் வாடை தெரிந்த நாளையும், கிணற்றின் ஆழத்தையும், அருகிலுள்ள எண்ணெய்த் தொட்டி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதையும் குறித்தனுப்புவோம்.