தொழுவம் நலமானால் வனமும் நலமாகும்!

மனித குலம் இதுவரை பூவுலகிலிருந்து முற்றிலுமாக ஒழித்த தொற்றுநோய்கள் இரண்டே இரண்டுதான். முதலாவது பெரியம்மை. அது ஒழிந்துவிட்டதாக 1980-இல் உலக சுகாதார அமைப்பு அறிவித்ததைப் பள்ளி மாணவர்களும் அறிவர். இரண்டாவது, மாடுகளைக் கொன்று குவித்த வெக்கை நோய். 2011-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஐ.நா.வின் உணவு-வேளாண்மை அமைப்பு அறிவித்த அந்த வெற்றியைப் படித்தவர்களிலும் பலர் அறியவில்லை.

இந்த இரண்டாவது வெற்றியின் வரலாறு, இன்று நம் முன் நிற்கும் ஒரு கேள்விக்கு விடை தருகிறது. கால்நடைகளையும் வனவிலங்குகளையும் தாக்கும் வைரஸ்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு, எத்தனையோ தேவைகள் வரிசையில் காத்திருக்கும் ஒரு நாடு ஏன் செலவிட வேண்டும்?

வெக்கை நோய் கண்ட மாட்டுக்குக் கடும் காய்ச்சல், வாய்ப்புண், ஓயாத கழிச்சல். பெரும்பாலும் சில நாள்களில் மரணம். அதற்குமுன் அந்த நோயைக் கண்டிராத மந்தைகளில் பத்தில் எட்டு, ஒன்பது மாடுகள் மடிந்ததுண்டு. 1880-களின் இறுதியில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்த அந்த வைரஸ், பத்தே ஆண்டுகளில் அந்தக் கண்டத்தின் தென்முனை வரை பரவியது. எத்தியோப்பியாவில் ஏர் பூட்ட எருதுகள் இல்லாமல் நிலம் தரிசாகக் கிடந்தது. 1888 முதல் 1892 வரை நீடித்த பஞ்சத்தில் அந்நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டிருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. மனிதரைத் தொற்றாத ஒரு வைரஸ், மனிதரை இப்படிக் கொன்றது.

உலகின் முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி பிரான்ஸின் லியோன் நகரில் 1762-இல் திறக்கப்பட்டதற்கு இந்த நோயின் அச்சமே முக்கியக் காரணம். 1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலில் கொண்டு செல்லப்பட்ட மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கியபோது, ஐரோப்பாவில் அந்நோய் மீண்டும் தலைகாட்டியது. அதன் விளைவாகவே 1924-இல் பாரிஸை தலைமையிடமாகக் கொண்டு கால்நடை நோய்களுக்கான சர்வதேச அமைப்பு உருவானது.

தீர்வுக்கான தேடலில் இந்தியாவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1889-இல் புணேயில் தொடங்கப்பட்டு, 1893-இல் இமயமலைச் சாரலில் உள்ள முக்தேஸ்வருக்கு மாற்றப்பட்ட ஆய்வகமே இன்றைய இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் மூலம். அங்கு 1920-களில் ஜே.டி.எட்வர்ட்ஸ், வெக்கை நோய் வைரஸை ஆடுகளில் தொடர்ந்து செலுத்தி அதன் வீரியத்தைக் குறைத்து, மாடுகளுக்கான தடுப்பூசியை உருவாக்கினார். பின்னர் கென்யாவின் முகுகா ஆய்வகத்தில் வால்ட்டர் பிளௌரைட், திசு வளர்ப்பு முறையில் பாதுகாப்பான தடுப்பூசி ஒன்றைக் கண்டறிந்தார். ஒரே தவணையில் நீண்டகால எதிர்ப்பாற்றல் தந்த அந்தத் தடுப்பூசிக்காக 1999-இல் அவருக்கு உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. அடுத்து ஜெஃப்ரி மரைனர், குளிர்பதனம் இல்லாமலேயே சில வாரங்கள் கெடாதிருக்கும் வகையில் அதை மேம்படுத்தினார். சாலையும் மின்சாரமும் எட்டாத மேய்ச்சல் நிலங்களுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் மேய்ப்பர்களே தடுப்பூசியை எடுத்துச் சென்றனர்.

இந்தியாவில் 1954-இல் தேசிய அளவில் தொடங்கிய ஒழிப்புத் திட்டம் நாற்பது ஆண்டுகள் நடந்தது. 1995-க்குப் பிறகு இங்கு அந்நோய் பதிவாகவில்லை. 2006-இல் இந்தியா நோயற்ற நாடாக அங்கீகரிக்கப்பட்டது.

இந்த வரலாற்றில் எவரும் எதிர்பாராத பகுதி, தான்சானியாவின் செரெங்கெட்டி சமவெளியில் நிகழ்ந்தது. அங்கு வாழும் வில்டிபீஸ்ட் மான்களும் காட்டெருமைகளும்தான் நோயைச் சுமந்து வந்து மாடுகளுக்குத் தருகின்றன என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1950-களிலும் 60-களிலும் சமவெளியைச் சுற்றியிருந்த மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள்; காட்டு விலங்குகளுக்கு எதுவும் செய்யவில்லை. ஆனால், காட்டிலும் நோய் மறைந்தது. 1960-களின் தொடக்கத்தில் சுமார் 2.5 லட்சமாக இருந்த வில்டிபீஸ்ட் மான்கள், 1970-களின் இறுதிக்குள் சுமார் 13 லட்சமாகப் பெருகின. அவை மேய்ந்ததால் காய்ந்த புல் குறைந்தது. அதனால் காட்டுத்தீ குறைந்தது. மரக்கன்றுகள் பிழைத்து வளர்ந்தன. நோயின் ஊற்று தொழுவத்தில் இருந்தது. காடு அதன் பலியாள். மாட்டுக்குப் போட்ட ஊசி ஒரு வனத்தையே மீட்டது.

பொதுப் பண்டம் என்ற கருத்தை வகுப்பில் விளக்கும்போது கலங்கரை விளக்கத்தை எடுத்துக்காட்டாகக் கூறுவது பொருளியல் ஆசிரியர்களின் வழக்கம். நானும் அப்படித்தான் கற்பித்தேன். அதன் ஒளி எல்லாக் கப்பல்களுக்கும் பயன்படும்; ஆனால், எந்தக் கப்பல் முதலாளியும் தனியாக அதைக் கட்ட முன்வர மாட்டார். நோய் ஒழிப்பு அதனினும் ஒரு படி சிக்கலானது. அமெரிக்கப் பொருளியலாளர் ஜாக் ஹிர்ஷ்லைஃபர் 1983-இல் ஒரு கற்பனைத் தீவைக் கொண்டு இதை விளக்கினார். அத்தீவில் ஒவ்வொருவரும் தத்தம் நிலத்தின் ஓரத்தில் கடல் வெள்ளத்துக்கு எதிராகக் கரை எழுப்புகிறார்கள். மற்ற எல்லாக் கரைகளும் உயர்ந்திருந்தாலும், தாழ்ந்திருக்கும் ஒரு கரை வழியே வெள்ளம் புகுந்துவிடும்.

ஏரிப் பாசனம் அறிந்த நமக்கு இது புதிதன்று. ஏரிக்கரையின் உறுதி என்பது அதன் மிக மெலிந்த இடத்தின் உறுதிதான். நோய் ஒழிப்பில் அந்த மெலிந்த இடம், பெரும்பாலும் ஏழையின் பட்டியாகவே இருக்கிறது. ஆகவே, அவருடைய நான்கு ஆடுகளுக்கு அரசு போடும் தடுப்பூசியைச் சலுகை என்று கருதுவது தவறு. அது ஊர் முழுவதற்குமான கரை.

இப்போது அந்தக் கரை சோதனைக்கு உள்ளாகியிருக்கிறது. வெக்கை நோய் வைரஸின் நெருங்கிய உறவினரான மற்றொரு வைரஸ், வெள்ளாடுகளையும் செம்மறி ஆடுகளையும் தாக்குகிறது. மருத்துவர்கள் பி.பி.ஆர். என்று சுருக்கமாகக் குறிப்பிடும் அந்நோயை நம் கிராமங்களில் ஆட்டுக்கொல்லி நோய் என்கிறார்கள். 1942-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட அந்நோய், இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது தமிழகத்தில்தான். ஆண்டு 1987, இடம், இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள அரசூர்.

அந்த ஊரில் எடுக்கப்பட்ட வைரஸிலிருந்தே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 'அரசூர்-87' என்ற தடுப்பூசியை உருவாக்கியது. இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் 'சுங்ரி-96' என்ற தடுப்பூசியை உருவாக்கியது. ஒருமுறை போட்டால் சில ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு கிடைக்கும். நோய் எங்கிருந்து வந்ததோ அந்த ஊரின் பெயரே அதன் மருந்துக்கும் அமைந்திருப்பது, நம் ஆராய்ச்சியாளர்களின் உழைப்புக்கு நிற்கும் சான்று.

எல்லாக் கால்நடை நோய்களையும் ஒழித்துவிட முடியாது. கோமாரி நோய் வைரஸில் ஏழு வகைகள் உண்டு. ஒன்றுக்கான தடுப்பூசி மற்றொன்றைத் தடுக்காது. எதிர்ப்பாற்றலும் விரைவில் குன்றிவிடும். தோல் கழலை நோய் பூச்சிகளாலும் பரவுகிறது. ஆட்டுக்கொல்லி வைரஸுக்கு இத்தகைய வசதிகள் இல்லை. எந்தத் திரிபாக இருந்தாலும் ஒரே தடுப்பூசி போதும். நோயிலிருந்து பிழைத்த ஆடு வைரஸை நெடுங்காலம் சுமந்து திரிவதில்லை. உடலுக்கு வெளியே வைரஸ் நீண்ட நேரம் உயிர்த்திருப்பதுமில்லை. வெக்கை நோயை வீழ்த்தக் காரணமாக இருந்த பலவீனங்கள் இதனிடமும் உள்ளன. அதனால்தான் 2030-க்குள் இதை ஒழிப்பது என்ற இலக்கை உலக அமைப்புகள் 2015-இல் வகுத்தன.

எனினும், நோய் பரவியபடியே இருக்கிறது. 2016-இல் மங்கோலியாவின் கால்நடைகளை அடைந்த வைரஸ், அந்தக் குளிர்காலத்திலேயே அழிவின் விளிம்பில் இருந்த சைகா மான்களுக்குத் தாவியது. அவை ஆயிரக்கணக்கில் மடிந்தன. 2018-இல் பல்கேரியாவிலும், 2024-இல் கிரீஸ், ருமேனியாவிலும் அந்நோய் தென்பட்டது.

இதே வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த மற்றொன்று, நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர். 1994-இல் செரெங்கெட்டியின் சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அது அழித்தது. சுற்றியிருந்த கிராமங்களின் நாய்கள் மீதே ஆய்வாளர்களின் கவனம் சென்றது. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, அவற்றில் பலவற்றிடம் டிஸ்டெம்பர் வைரஸ் உறுதி செய்யப்பட்டது. ஆசியச் சிங்கம் இயற்கையாக வாழும் ஒரே இடம் அது.

மருந்து நம் கையில் இருந்தும் ஆட்டுக்கொல்லி நோய் ஏன் நீடிக்கிறது? விடை ஆய்வகத்துக்கு வெளியே இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வெள்ளாடுகளும் செம்மறிகளுமாகச் சுமார் 22 கோடி உள்ளன. அவற்றை வளர்ப்போரில் பெரும்பாலானோர் நிலமற்றோரும் சிறு விவசாயிகளும். அவர்களில் பெண்கள் மிகுதி. அவர்களுக்கு ஆடு என்பது பள்ளிக் கட்டணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் விற்கக்கூடிய சேமிப்பு. பால் மாட்டுக்குக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அதன் வழியே மருத்துவ வசதியும் கிடைக்கிறது. ஆட்டுக்கு அத்தகைய அமைப்பு இல்லை. மேலும், ஆட்டு மந்தை விரைவாக மாறக்கூடியது. விற்றவை போக, ஆண்டுதோறும் எதிர்ப்பாற்றல் இல்லாத புதிய குட்டிகள் சேர்கின்றன. இடைவெளிவிட்டு அங்குமிங்குமாகத் தடுப்பூசி போட்டால், செலவு மிஞ்சும்; நோயும் மிஞ்சும்.

ஆராய்ச்சியின் பலன் எங்கே போய்ச் சேரும் என்பதை முன்கூட்டிக் கணக்கிட இயலாது. 2022-இல் ராஜஸ்தான், குஜராத் உள்ளிட்ட மாநிலங்களில் தோல் கழலை நோயால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் இறந்தன. அப்போது உடனடியாகக் கைகொடுத்தது, வெள்ளாட்டு அம்மைக்காக ஏற்கெனவே உருவாக்கப்பட்டிருந்த தடுப்பூசி. ஆட்டுக்காகச் செய்த செலவு மாட்டைக் காப்பாற்றியது. வரவு-செலவுத் திட்டத்தில் இத்தகைய ஆய்வுக்கான ஒதுக்கீட்டை வெட்டும்போது, வரப்போகும் எந்த நோய்க்கான கேடயத்தை வெட்டுகிறோம் என்பது எவருக்கும் தெரியாது.

செய்ய வேண்டியவை தெளிவானவை. ஒரு வட்டாரத்தின் எல்லா ஆடுகளுக்கும் குறுகிய காலத்துக்குள் ஒருசேரத் தடுப்பூசி போடுவது. அடுத்து வரும் ஆண்டுகளில் புதிய குட்டிகளை விடாமல் தொடர்வது. சந்தைகளிலும் மாநில எல்லைகளிலும் கண்காணிப்பது. வனத்தையொட்டிய கிராமங்களின் ஆடுகளுக்கும் நாய்களுக்கும் முன்னுரிமை தருவது. காலியாக உள்ள கால்நடை மருத்துவர் பணியிடங்கள் நிரப்பப்படாமல் இவை எதுவும் நடவாது.

நிர்வாகத்தில் கால்நடைத் துறை வேறு, வனத் துறை வேறு. ஒரே மேய்ச்சல் வெளியில் ஆடும் மானும் அடுத்தடுத்துப் புல் மேய்வதை அந்தப் பிரிவினை தடுப்பதில்லை. ஒரு துறை கண்டறியும் நோயை மற்றொரு துறை அன்றே அறிய வழி வேண்டும். மேற்கு மலைத்தொடரில் வாழும் நமது மாநில விலங்கான வரையாடும் ஆட்டினத்தின் உறவே. சைகா மான்களுக்கு நேர்ந்ததைப் படித்த பின்னர், மலையடிவாரத்து ஆடுகளின் நலனை வரையாட்டின் நலனிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

வெக்கை நோயை வெல்ல முக்தேஸ்வரின் ஆய்வகம் மட்டும் போதவில்லை. கடைசி மந்தை வரை மருந்தைச் சுமந்து சென்ற கால்களும் தேவைப்பட்டன. ஆட்டுக்கொல்லி நோய்க்கான மருந்து அரசூரிலிருந்தே பிறந்துவிட்டது. 2030-க்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. கரையின் மெலிந்த இடம் எதுவென்று தெரிந்த பிறகும் அதை அடைக்காமல் விட்டால், வெள்ளத்தைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).