இணையவழிப் பாடமும் அதன் அடுக்குமுறையும்

காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியின் அருகில் நின்று பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். தறிக்கு மேலே ஒரு பெட்டி. அதனை ஒட்டிச் சங்கிலி போலக் கோத்துத் தொங்கும் துளையிட்ட அட்டைகள். பிரான்சு நாட்டு லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டில் உருவாக்கிய கருவியின் வழிவந்தது அது. ஓர் அட்டை, ஓர் ஊடை இழைக்கு உரியது. எந்தப் பாவு இழை மேலே எழ வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்பதை அட்டையிலுள்ள துளைகள் தீர்மானிக்கின்றன. நெசவாளர் மிதியை அழுத்த, அடுத்த அட்டை வந்து நிற்கிறது. அடுத்த இழை ஓடுகிறது. சேலையிலே மயிலும் மாங்காயும் தோன்றுவது இவ்வாறுதான். கோத்த கயிறு அறுந்து அட்டைகள் கீழே சிதறிவிட்டால், அவற்றுள் ஒன்றேனும் குறைந்துவிடவில்லை. ஆயினும் மயில் இல்லை. எண்ணைப் பார்த்து முறையாக அடுக்கி, மீண்டும் கோத்த பிறகே மயில் வரும்.

சில மாதங்களுக்கு முன்பு, எங்கள் தாமலில் ஒரு மாலைப் பொழுதில் இந்த அட்டைகள் என் நினைவுக்கு வந்தன. அண்டை வீட்டு நெசவாளரின் மகள், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவள், கைப்பேசியை ஏந்திக்கொண்டு வந்தாள். “சார், இதில் எதை முதலில் படிப்பது என்றே தெரியவில்லை” என்றாள். அவளுடைய கல்லூரி, பாடங்களையெல்லாம் இணையத்தில் ஏற்றி வைத்திருந்தது. ஒரே ஒரு பாடத்தின் பக்கத்தைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். 112 கோப்புகள்! ‘குறிப்பு 2’ என்று ஒன்று. ‘குறிப்பு 2 புதியது’ என்று இன்னொன்று. ‘யூனிட் 3 இறுதி’ என்பதற்குக் கீழே ‘யூனிட் 3 இறுதி இறுதி’. கரும்பலகையைப் படம் பிடித்துப் பெயரிடாமல் போட்டவை பல. அவற்றினிடையே 87-ஆவதாக ஓர் ஒப்படைப்பு கிடந்தது. அதனை அனுப்ப வேண்டிய நாள் கடந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அகமதிப்பீட்டில் அந்த மதிப்பெண் அவளுக்குப் போய்விட்டது. அவள் படிக்காதவள் அல்லள். தேடித் தேடியே களைத்தவள்.

அந்த ஆசிரியரைச் சோம்பேறி என்று யாரும் எண்ணிவிட வேண்டா. 112 கோப்புகளை ஏற்றியவர் சோம்பேறியாக இருக்க முடியாது. கையில் கிடைத்ததைக் கிடைத்த நாளில் ஏற்றினார். அஃது அவருடைய வரிசை. கற்பவளுக்கு வேண்டிய வரிசை வேறு. வகுப்பறையில் இந்தக் குழப்பம் இவ்வளவு தீங்கு செய்யாது. அங்கே ஆசிரியர் நேரில் நிற்கிறார். “அதை விடு, நாற்பதாம் பக்கத்தைத் திருப்பு” என்னும் ஒரு சொல்லால் நேர்செய்துவிடுவார். இரவு 10 மணிக்கு, தறியின் ஓசை அடங்கிய வீட்டில், தனியே திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவிக்கு அந்தக் குரல் கிடைப்பதில்லை. அடுத்தது இன்னது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியது பாடத்தின் அடுக்குமுறை ஒன்றே.

பாடங்களை வைக்கவும், ஒப்படைப்புகளைப் பெறவும், தேர்வு நடத்தவும், மதிப்பெண்ணைப் பதியவும் உதவும் இணையக் கூடத்தைக் கற்றல் மேலாண்மை அமைப்பு என்கிறார்கள். அவற்றுள் உலகெங்கும் பரவிய ஒன்று மூடுல். ஆஸ்திரேலியரான மார்ட்டின் டூகியாமாஸ் என்பவர் 2002-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைநிலத்தில் வளர்ந்த அவர், இளமையில் வானொலிப் பள்ளியின் வழியாகப் பாடம் கற்றவர். பள்ளிக்கூடம் நெடுந்தொலைவில் இருந்த பிள்ளைகளுக்காக 1951-ஆம் ஆண்டில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் தொடங்கி, அந்நாட்டின் பிற பகுதிகளுக்கும் பரவிய முறை அது. வானொலியில் பேச வந்த எனக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருகிறது. ஒரு வேறுபாட்டையும் இங்கே கருத வேண்டும். வானொலிப் பேச்சில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எதுவும் வரும். வரிசை அதற்கு இயல்பாகவே உண்டு. இணையத்திலோ எல்லாம் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கிறது. அங்கே வரிசையை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

மூடுல், பாடத்தை அடுக்க முக்கியமாக இரு வழிகளைத் தருகிறது. ஒன்று, வாரந்தோறும் பிரிப்பது. மற்றொன்று, பொருள்தோறும் பிரிப்பது. இளங்கலை மாணவர்க்கு வார முறையே நல்லது என்பது என் எண்ணம். ‘வேதிப் பிணைப்பு’ என்னும் தலைப்பு, படிக்க வேண்டியது எது என்று சொல்லும். எப்பொழுது என்று சொல்லாது.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ஆம் ஆண்டில் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில், முதலில் பேராசிரியர்களின் விரிவுரைகளைப் பதிவு செய்து எவரும் பார்க்குமாறு வைத்தார்கள். அது சிறந்த நூலகம். ஆனால் நூலகமே வகுப்பு ஆகிவிடாது. 2014 முதல் அவ்வகை விரிவுரைகள் 4, 8, 12 வாரச் சான்றிதழ்ப் படிப்புகளாக வடிவம் பெற்றன. வாரத்திற்கு ஓர் அலகு. அலகின் முடிவில் நாள் குறித்த ஓர் ஒப்படைப்பு. 12 வாரப் படிப்பில், செய்த ஒப்படைப்புகளுள் சிறந்த எட்டை மட்டுமே கணக்கில் கொண்டு 25 விழுக்காடும், நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75 விழுக்காடும் வழங்குவது வழக்கம். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தவனுக்கும் இதில் இடமுண்டு அல்லவா? 2017-இல் தொடங்கப்பெற்ற சுவயம் தளமும் காணொளி, படிக்கும் பகுதி, தன்மதிப்பீடு, கலந்துரையாடல் என நான்கு கூறுகளை ஒவ்வொரு பாடத்திற்கும் வகுத்திருக்கிறது.

வாரத்தைப் பிரித்துவிட்டால் மட்டும் போதாது. அதனுள்ளும் ஒழுங்கு வேண்டும். ஆசிரியர் பயிற்சியில், ஜெர்மானியக் கல்வியறிஞர் ஹெர்பார்ட்டின் வழிவந்தவர்கள் வகுத்த ஐந்து படிகளை எங்களை மனப்பாடம் செய்ய வைத்தார்கள்: ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடுதல், பொதுமையாக்கல், பயன்படுத்துதல். அன்று சற்றுச் சலிப்போடுதான் படித்தேன். இன்று அந்த இணையப் பக்கத்தைப் பார்த்தபோதோ, அதில் எடுத்துரைத்தல் ஒன்றே 112 முறை நிகழ்ந்திருப்பது விளங்கிற்று. ஆயத்தம் என்பது பெரிய காரியம் அன்று. ‘இவ்வாரம் முடிந்ததும் இந்தக் கணக்கை நீங்களே செய்வீர்கள்’ என்று வாரத்தின் தலையில் ஒரு வாக்கியம்; சென்ற வாரத்தோடு தொடர்புபடுத்தும் ஒரு கேள்வி. அதன்பின் காணொளி. அதனையும் ஒரு மணி நேரத்திற்கு நீட்டாமல், கால் மணி அளவில் நறுக்க வேண்டும். எழுத்து வடிவமும் உடன் இருந்தால், இணைய இணைப்பு வலுவற்ற சிற்றூர் மாணவன் அதையேனும் படிப்பான்.

கோப்புகளின் பெயரைப் பற்றியும் ஒரு சொல். கணிப்பொறி பல இடங்களில் எண்ணை எண்ணாகக் கருதாமல் எழுத்தாகவே கருதி அடுக்கும். ஆதலின் ‘வாரம் 10’ என்பது ‘வாரம் 2’-க்கு முன்னே போய் நிற்கும். ‘வாரம் 02’ என்று எழுதினால் இத்தொல்லை இல்லை. அற்பமான ஒரு சுழியம். அதனால் மிச்சமாகும் தேடலோ மிகுதி.

முந்திய பாடத்தை முடித்தாலன்றி அடுத்தது திறவாதபடி பூட்டி வைக்கவும் இவ்வமைப்புகளில் வழி உண்டு. சில ஆசிரியர்கள் இதனைப் பெரிதும் விரும்புகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு குறைவு. தறியின் அட்டை வரிசை மாறக்கூடாது. ஏனெனில் நூலுக்கு முன்னறிவு கிடையாது. மாணவனுக்கோ உண்டு. முன்பே தெரிந்ததைத் தாண்டிச் செல்லவும், மறந்ததைத் திரும்பிப் பார்க்கவும் அவனுக்கு உரிமை வேண்டும். தேர்வைப் பூட்டலாம், பாடத்தைப் பூட்டலாகாது.

அன்றிரவு நானும் அந்தப் பெண்ணும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அமர்ந்தோம். பாடத்திட்டத்தின் ஐந்து அலகுகளுக்கும் ஐந்து பக்கங்களை ஒதுக்கினோம். கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, உரிய பக்கத்தில் பெயரை எழுதினோம். 31 கோப்புகள் முன்பே வந்தவற்றின் மறுபடிகள். 9 வேறொரு பாடத்திற்கு உரியவை. எஞ்சிய 72-இல், கட்டாயம் படித்தே ஆக வேண்டியவை 20-க்கு மேல் இல்லை. அவளுடைய முகத்தில் அப்போதுதான் தெளிவு வந்தது. மூன்றாம் அலகுக்கு ஒரு பயிற்சிகூட இல்லை என்பதும் அந்தப் பட்டியலைப் போட்ட பிறகே எங்களுக்குப் புலப்பட்டது. மறுநாள் அவள் ஆசிரியரிடம் அதைச் சொன்னாள். அவருக்கும் அது புதிய செய்தியாகவே இருந்ததாம். போன மதிப்பெண் போனதுதான்; ஆனால் அந்த வாரமே பயிற்சியை ஏற்றிவிட்டார். அதன் பெயர், ‘யூனிட் 3 பயிற்சி புதியது’.