நூலில்லாத பட்டம்

பட்டம் விடாத பிள்ளைப் பருவமும் உண்டா? மொட்டை மாடியில் நின்றுகொண்டு, மேலே இழுக்கும் காற்றையும் கீழே இழுக்கும் கையையும் ஒரே நூலில் கட்டிப் போட்ட அந்த ஆனந்தத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நூலை அறுத்துவிட்டு, பட்டம் மட்டும் நாம் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு ஆகாயத்தில் நிற்க வேண்டும் என்றால் நடக்கிற காரியமா?

நடக்கிறது! அதுவும் என்ஜின் இல்லாமல், ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல். ரேடியோவினால் இயக்கப்படும் சின்னஞ்சிறு கிளைடர் விமானங்களை மலை விளிம்பிலிருந்து பறக்கவிடும் பொழுதுபோக்கைத்தான் சொல்கிறேன்.

இதைப் பார்க்கத் தகுந்த ஓர் இடத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன், வாருங்கள். இங்கிலாந்தின் மேற்கே, வேல்ஸ் எல்லையை ஒட்டி ஷ்ராப்ஷயர் என்று ஒரு ஜில்லா. அங்கே சர்ச் ஸ்ட்ரெட்டன் என்ற சிற்றூரில் ரயிலை விட்டு இறங்கினால், ஊருக்கு மேற்கே எருமை படுத்திருப்பது போல நீண்டு கிடக்கும் குன்று தெரியும். அதுதான் 'லாங் மிண்ட்'. மலை என்று பொருள்படும் வேல்ஷ் சொல்லிலிருந்து வந்த பெயர். சுமார் ஏழு மைல் நீளம். உச்சி 516 மீட்டர் உயரம். நம் நீலகிரியைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு மேடுதான். ஆனாலும் பர்வே என்ற குறுகலான பாதையில் மோட்டார் ஏறும்போது, பக்கத்துப் பள்ளத்தை எட்டிப் பார்ப்பவர்கள் இஷ்ட தெய்வத்தை நினைத்துக்கொள்வது நல்லது!

மேலே ஏறிவிட்டால் மரமே இல்லாத வெட்டவெளி. ஹெதர் என்னும் குத்துச்செடி ஆகஸ்டு மாதத்தில் பூத்து, குன்று முழுவதையும் ஊதாச் சமுக்காளம் விரித்தாற்போல் ஆக்கிவிடும். நடுநடுவே ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். மேற்கு ஓரத்துக்குப் போனால் நிலம் சட்டென்று சரிந்து இறங்குகிறது. நாம் தேடி வந்தது அந்தச் சரிவைத்தான்.

காற்று ஏறும் படி

என்ஜின் இல்லாத விமானம் எப்படிக் கீழே விழாமல் இருக்கிறது? மேற்கிலிருந்து வீசும் காற்று சரிவில் வந்து மோதுகிறது. மலையைத் துளைத்துக்கொண்டு போக முடியாதல்லவா? ஆகையால் சரிவின் மேலாக ஏறிப் போகிறது. நல்ல கிளைடர் ஒன்று, அமைதியான காற்றில் நொடிக்கு இரண்டு அடி வீதம் மெதுவாக இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள காற்று நொடிக்கு நாலு அடி வீதம் ஏறினால்? விமானம் காற்றுக்குள்ளே இறங்கிக்கொண்டே இருக்கிறது. தரையிலிருந்து பார்க்கும் நமக்கோ ஏறிக்கொண்டே இருக்கிறது. மேலே போகும் மின்சாரப் படிக்கட்டில் ஒருவன் நிதானமாகக் கீழ்நோக்கி நடப்பதற்கு ஒப்பானது இந்த வித்தை.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ஆகாய விமானத்தைத் தந்த ரைட் சகோதரர்களில் இளையவரான ஆர்வில், 1911-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் ஒரு மணல் மேட்டின் மேல் இப்படியே என்ஜின் இல்லாத விமானத்தில் 9 நிமிஷம் 45 விநாடி மிதந்தார். சுமார் பத்து வருஷங்களுக்கு அதை ஒருவரும் மிஞ்சவில்லை. பிறகு ஜெர்மானியர் முனைந்தார்கள். 1922-ல் வாஸர்குப்பே என்ற மலையில் மார்ட்டென்ஸ் என்பவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் மிதந்து உலகை அதிசயிக்கச் செய்தார். லாங் மிண்டிலும் 1934-லிருந்து ஆட்களே ஏறிப் பறக்கும் கிளைடர் சங்கம் ஒன்று இருக்கிறது. பொம்மை விமானக்காரர்கள் பின்னால் வந்து சேர்ந்தவர்கள்.

தூக்கி எறிவதற்கு முன்

பொம்மை என்றேன். ஆனால் அதை வைத்திருப்பவரிடம் அப்படிச் சொல்லிவிடாதீர்கள்! இரண்டு மூன்று கஜ நீள இறக்கையுள்ள விமானங்களும் உண்டு. பால்ஸா என்னும் இலேசான மரத்தை வெட்டி, ஒட்டி, இழைத்து, ஒரு குளிர்காலம் முழுவதும் இரவு நேரங்களில் உட்கார்ந்து செய்தது அதில் இருக்கும். புதிதாகக் கற்பவர்கள் ரப்பர் போல் துள்ளும் ஒருவித நுரைப் பொருளால் செய்ததை வாங்கிக்கொள்கிறார்கள். அது பத்துத் தடவை விழுந்தாலும் பதினோராவது தடவை பறக்கும்.

எறிவதற்கு முன் சோதனை. கையிலுள்ள பெட்டியில் இரண்டு சிறு கோல்கள். கோலை அசைத்தால் ரேடியோ அலை போய், விமானத்துக்குள் இருக்கும் சிறிய மோட்டார்கள் வாலையும் இறக்கை ஓரத்தையும் திருப்புகின்றன. இடது என்றால் இடது திரும்புகிறதா, பாட்டரியில் சக்தி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முற்காலத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே அலைவரிசையில் இருவர் பெட்டியைத் திறந்துவிட்டால் ஒருவருடைய விமானம் தலைகுப்புற விழும். அதற்காக ஒரு பலகையில் அலைவரிசைக்கு ஒரு கிளிப் மாட்டிவைத்து, கிளிப்பை எடுத்தவரே பறக்கவிடலாம் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். இந்த நூற்றாண்டில் வந்த கருவிகளில் ஒவ்வொரு விமானமும் தன் சொந்தப் பெட்டியின் பேச்சை மட்டுமே கேட்கிறது. கிளிப்புகளுக்கு வேலை குறைந்துவிட்டது.

பிறகு காற்றைப் பார்த்து நின்று, மூக்கைச் சற்றே தாழ்த்தி, ஓங்கி ஒரு தள்ளு! கையை விட்ட அந்தக் கணத்தில் வயிற்றில் ஏதோ புரள்கிறது. விமானம் பள்ளத்தாக்கை நோக்கி ஓர் அடி தாழ்கிறது. அடுத்த விநாடி யாரோ அடியில் கை கொடுத்தாற்போல் எழும்புகிறது.

எழும்பியதும் இன்னொரு குழப்பம் ஆரம்பமாகிறது. விமானம் நம்மை விட்டு விலகிப் போகும் வரை அதன் இடது நமக்கும் இடது. திரும்பி நம்மை நோக்கி வரும்போதோ எல்லாம் தலைகீழ்! இதற்குப் பழைய கைகள் ஒரு சூத்திரம் சொல்லித் தருகிறார்கள்: எந்தப் பக்கத்து இறக்கை தாழ்கிறதோ, அந்தப் பக்கமே கோலைத் தள்ளு; சாய்ந்த சுவருக்கு முட்டுக் கொடுப்பது போல. இன்னொரு விதி: திரும்பும்போதெல்லாம் மலையை விட்டு விலகி, காற்றை நோக்கியே திரும்பு. மலைப் பக்கம் திரும்பினால் பின்காற்று விமானத்தை வாரிக்கொண்டு போய்விடும்.

காற்று வலுத்தால் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். கனத்தைக் குறைப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? ஈயத் துண்டுகளை உள்ளே சொருகிக் கனத்தைக் கூட்டுகிறார்கள்! கனம் கூடினால் வேகம் கூடும். வேகம் இருந்தால்தான் பலத்த காற்றை எதிர்த்து முன்னேற முடியும்.

மலையின் முதுகுப்புறம்

முன்புறம் தாயைப் போல ஏந்தும் அதே காற்று, உச்சியைத் தாண்டிப் பின்புறம் இறங்கும்போது சுழன்று புரண்டு கீழே அமுக்குகிறது. கவனக் குறைவாக அந்தப் பக்கம் போன விமானங்கள் புதருக்குள் எலும்புக் கூடாகக் கிடைத்ததுண்டு. கிடைக்காமலே போனதும் உண்டு.

இந்த ஆபத்தையே விளையாட்டாக்கியவர்களும் இருக்கிறார்கள். உச்சிக்கு மேலே வேகமான காற்று. பின்புறம் மறைவில் அசைவற்ற காற்று. இரண்டுக்கும் இடையே வட்டமிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் ஏறுகிறது. பறவைகள் காற்றின் வேக வித்தியாசத்திலிருந்து சக்தி பெறலாம் என்று ராலே பிரபு என்ற விஞ்ஞானி 1883-லேயே எழுதினார். 2021 ஜனவரியில் கலிபோர்னியாவின் பார்க்கர் மலையில் ஸ்பென்சர் லிஸன்பி என்பவர் இம்முறையில் மணிக்கு 548 மைல் வேகத்தை எட்டினார். ஜெட் விமானப் பிரயாணத்தின் வேகம். என்ஜினோ இல்லவே இல்லை!

ஆள் இருக்கும் வானம்

ஆனால் லாங் மிண்டில் நம்மைக் கவலைப்படுத்த வேண்டியது வேறொன்று. அதே சரிவில், அதே காற்றில் மனிதர்களும் மிதக்கிறார்கள். கிளைடருக்குள் உட்கார்ந்தவர்கள், துணிக் குடையில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள். நம் விமானம் உடைந்தால் ஒரு குளிர்காலத்து உழைப்பு போகும். வேகமாய் வரும் இரண்டு கிலோ விமானம் துணிக் குடையில் தொங்கும் ஒருவர் மேல் மோதினால் ஒரு வீட்டின் விளக்கே அணைந்துபோகும்.

ஆகவே அங்கே முதல் சட்டம், ஆள் ஏறிய எதற்கும் நாமே வழி விட வேண்டும் என்பது. பக்கத்தில் ஒருவர் வானத்தையே காவல் காத்து, "குடை வருகிறது!" என்று குரல் கொடுப்பது நல்ல வழக்கம். அந்தக் குரல் கேட்டால், விமானம் எவ்வளவு அழகாக ஏறிக்கொண்டிருந்தாலும் தாழ்த்தி ஒதுக்கிவிட வேண்டும். தேவையானால் செடியில் மோதவிட்டுக்கூட இறக்கிவிட வேண்டும். தன் கையால் செய்ததைத் தானே முட்புதரில் இறக்கும் மனம் யாருக்கு இருக்கிறதோ, அவரிடம்தான் இந்தப் பெட்டியைக் கொடுக்கலாம். 2019 முதல் பிரிட்டனில் இவர்கள் பதிவு செய்துகொண்டு, விமானத்தின் மேல் எண் ஒட்டிக்கொள்ளவும் சட்டம் வந்திருக்கிறது.

மாலையில் வெயில் வேல்ஸ் மலைகளுக்குப் பின்னே சாய்கிறது. காற்று தளர்கிறது. "இறக்குகிறேன்!" என்று உரக்கச் சொல்லிவிட்டு, விளிம்புக்குச் சற்றுப் பின்னால் விமானத்தைக் கொண்டு வந்து, காற்றை எதிர்த்துத் திருப்பி, ஹெதர் செடிகளின் மேல் மெல்லப் படியவிட வேண்டும். ஏறுவதற்குக் காற்று உதவியது. இறங்குவதற்கு உதவி செய்ய யாரும் இல்லை. ஒருவர் எவ்வளவு கற்றிருக்கிறார் என்பது அந்தக் கடைசிப் பத்து விநாடியில் தெரிந்துபோகும்.

முழுசாக இறங்கிய விமானத்தைக் கையில் எடுத்து, இறக்கையில் கீறல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பவரின் முகத்தைப் பாருங்கள். அவருக்கு வயது அறுபதாகவும் இருக்கலாம். மாடியில் பட்டம் விட்ட அதே பையன்தான்!