ஈசினோபில் எண்ணும் பிறந்த வாரமும்

குழந்தைக்கு அடிக்கடி வீசிங் வரும் வீட்டில் ஒரு லேப் சீட்டு கட்டாயம் இருக்கும். அதில் ஈசினோபில் என்ற வரிக்கு எதிரே உள்ள எண் கூடியிருந்தால் ‘ஈஸ்னோபிலியா’, கூடாவிட்டால் ‘வெறும் சளிதான்’ என்று வீட்டிலேயே தீர்ப்பாகிவிடும். ஒரு நூற்றாண்டாகக் காசநோய் மருத்துவமனையைப் பக்கத்தில் வைத்திருக்கும் தாம்பரம் வட்டாரத்தில், நீடித்த இருமலுக்கு ‘பிரைமரி காம்ப்ளக்ஸ்’, அதாவது குழந்தைகளின் ஆரம்பக் காசநோய், என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். ஆனால் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, அந்த எண்ணைவிட அது எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்பதே பல நேரம் அதிகம் சொல்லும்.

ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளணு, ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள், வெளிவிடும் மூச்சுக்காற்றில் நைட்ரிக் ஆக்சைடு ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒவ்வாமை வகை அழற்சியின் அடையாளங்கள். குடற்புழு இருந்தாலும் ஈசினோபில் ஏறும். சி.ஆர்.பி. என்ற ரத்தச் சோதனையின் அளவு பல தொற்றுகளில் உயரும். அது ஆஸ்துமாவைக் காட்டும் சோதனை அல்ல. 37 வாரம் முடியும் முன் பிறந்த குழந்தையின் கதை வேறு. பல குறைப்பிரசவங்களுக்குக் கருப்பையில் ஏற்படும் தொற்றும் அழற்சியும் காரணம். அப்போது பெருகும் இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8 போன்ற பொருள்கள் பிரசவ வலியைத் தூண்டுவதோடு, முழுதாக வளராத நுரையீரலையும் பாதிக்கக்கூடும். பிறகு வரும் இளைப்புக்கு ஒவ்வாமையைவிடக் குறுகிய மூச்சுக்குழாயே காரணமாக இருக்கலாம். அப்படிப்பட்ட குழந்தைக்கு ஈசினோபிலும் நைட்ரிக் ஆக்சைடும் சாதாரணமாகவே காட்டலாம். சுமார் 15 லட்சம் குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்து 2014-ல் வெளியான ஆய்வில், குறைமாதக் குழந்தைகளுக்கு ஆஸ்துமா அல்லது வீசிங் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 32 வாரத்துக்கு முன் பிறந்தோருக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு.

அப்படியானால் பரிசோதனையே வீணா? இல்லை. ஸ்டீராய்டு இன்ஹேலர் எந்த அளவுக்குப் பலன் தரும் என்று கணிக்க அது உதவும். எண் சரியாக இருக்கிறது என்று சிகிச்சையை நிறுத்துவதுதான் பிழை. இன்ஹேலர் பழகிவிடும் என்ற அச்சத்துக்கும் ஆதாரமில்லை. நெபுலைசரில் சால்புட்டமால் மட்டும் கொடுத்துக் காலம் தள்ளுவதில்தான் ஆபத்து அதிகம். ‘எல்லாம் இந்த ஊர்ப் புகையால்தான்’ என்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக்கிடங்கு எரிந்தபோது புகை சுற்றுவட்டாரத்தையே மூடியது. புகை மூச்சிளைப்பைத் தூண்டும், குறைப்பிரசவத்துக்கும் காற்று மாசுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் ஒரே தெருவில் ஒரே புகையைச் சுவாசிக்கும் இரு குழந்தைகளில் ஒன்றுக்கு மட்டும் ஏன் இளைக்கிறது என்பதைப் புகையால் விளக்க முடியாது.

பிறந்த வாரம் இவ்வளவு முக்கியம் என்பதால், பெற்றோர் கேட்டு வாங்கவேண்டிய உரிமை ஒன்று உண்டு. மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. மறுத்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். சிக்கல் என்னவென்றால், அதே விதிகளின்படி பதிவேடுகளை 3 ஆண்டுதான் வைத்திருக்கவேண்டும். ஐந்து வயதுக்கு முன் ஆஸ்துமாவை உறுதியாகச் சொல்வதோ கடினம். நோய்க்குப் பெயர் கிடைக்கும்போது பிறந்த கதையின் காகிதம் போயிருக்கலாம். பச்சிளங்குழந்தைப் பிரிவிலிருந்து வீட்டுக்கு வரும் நாளிலேயே டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கி வையுங்கள்: எத்தனை வாரம், ஆக்சிஜன் எத்தனை நாள், வென்டிலேட்டர் வைத்தார்களா என்று அதில் இருக்கவேண்டும். தொலைந்திருந்தால், தாய் சேய் நல அட்டையில் உள்ள எதிர்பார்க்கப்படும் பிரசவத் தேதி 40 வாரக் கணக்கு. அதற்கு எத்தனை வாரம் முன் குழந்தை பிறந்ததோ அதை 40-லிருந்து கழித்தால் விடை வரும்.

மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்ளிழுத்தாலோ, பேசவோ பால் குடிக்கவோ முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ எந்தக் காகிதத்தையும் தேடவேண்டாம், 108-ஐ அழையுங்கள். மற்ற நாள்களில் ஓ.பி. சீட்டோடு டாக்டர் முன் உட்காரும்போது, அவர் கேட்காவிட்டாலும், குழந்தை எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.