பால் மறந்த கன்றுக்கு மருந்தா, தீவனமா?

மாணவ நண்பர்களே, நம் ஊரில் பசு கன்று ஈன்றால் என்ன செய்கிறோம்? கன்றைச் சற்று நேரம் ஊட்டவிட்டு, மடி சுரந்ததும் இழுத்துக் கட்டிவிட்டுக் கறக்கிறோம். பாலில் பெரும்பங்கு நமக்கு, மிச்சம் கன்றுக்கு. அமெரிக்காவின் லூசியானா, டெக்சாஸ் போன்ற தென்மாநிலங்களில் இறைச்சிக்காக மாடு வளர்க்கும் பண்ணைகளில் இந்தப் பங்கீடே இல்லை. அங்கே பசுவை யாரும் கறப்பதில்லை. வசந்த காலத்தில் பிறக்கும் கன்று ஏறக்குறைய ஏழு மாதம் தாயோடு மேய்ந்து, பால் முழுவதையும் தானே குடித்து 200 முதல் 250 கிலோ எடைக்கு வளர்ந்துவிடும். பிறகு இலையுதிர் காலத்தில் ஒருநாள் தாயையும் கன்றையும் பிரித்துவிடுவார்கள். இதைத்தான் பால் மறக்கச் செய்தல் என்கிறோம்.

பிரித்த மூன்று நான்கு நாட்களுக்குக் கன்று ஓயாமல் கத்தும், வேலியோரமாகவே நடக்கும், சரியாக மேயாது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2003-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். தாயை வெகுதூரம் ஓட்டிவிடாமல், நடுவே ஒரு வேலி மட்டும் இருக்கும்படி ஒரு வாரம் வைத்திருந்தால் கன்று குறைவாகக் கத்துகிறது, அதிகமாக மேய்கிறது, எடையும் நன்றாக ஏறுகிறது என்று கண்டார்கள். இதற்கு ஒரு வேலியைத் தவிர வேறு செலவில்லை!

இந்தத் துயரம் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். அடுத்து வருவது அப்படி எளிதில் தீராது. சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் மந்தையில் சில கன்றுகள் மெலிந்திருக்கும். மயிர் பளபளப்பை இழந்து சிலிர்த்து நிற்கும், சாணம் தண்ணீராகப் போகும். நோய் முற்றிய கன்றுக்குத் தாடையின் கீழ் நீர் கோத்துப் பைபோலத் தொங்குவதும் உண்டு. பண்ணைக்காரர் முன் இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, குடற்புழு மருந்து கொடுப்பது. மற்றது, தீவனத்தைக் கூட்டுவது. இவற்றில் எது சரி? விடை தேட, முதலில் அந்தப் புழுவைச் சந்திப்போம்.

மாட்டின் இரைப்பையில் நான்கு அறைகள் உண்டு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். நான்காவது அறைதான் நம்முடையதைப் போல அமிலம் சுரக்கும் உண்மையான இரைப்பை. அதன் சுவரில் வாழ்கிறது ஆஸ்டர்டேஜியா என்னும் பழுப்பு நிறப் புழு. ராபர்ட் ஃபான் ஆஸ்டர்டாக் என்ற ஜெர்மானியக் கால்நடை அறிஞரின் பெயரைத் தாங்கி நிற்பது இது. முழு வளர்ச்சி அடைந்தாலும் ஒரு சென்டிமீட்டர் நீளம் இராது, நூலிழை போன்றிருக்கும். ஆனால் ஒரே கன்றுக்குள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம்.

இதன் முட்டைகள் சாணத்தோடு வெளியேறுகின்றன. சாணத்துக்குள் முட்டை பொரிந்து இளம்புழு வெளிவருகிறது. அது பாக்டீரியாக்களைத் தின்று, இருமுறை தோலுரித்து, இதமான வெப்பம் இருந்தால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மூன்றாம் பருவத்தை அடைகிறது. இந்தப் பருவத்தில் பழைய தோலை அது முழுதும் கழற்றுவதில்லை, உறைபோலப் போர்த்திக்கொள்கிறது. வாயும் மூடப்படுவதால் உண்ண முடியாது. சேமித்த கொழுப்பைக் கொண்டே காலந்தள்ள வேண்டும். மழையோ பனியோ புல்லை நனைக்கும்போது, அந்த மெல்லிய நீர்ப்படலத்தில் நீந்திப் புல்லின்மேல் ஏறுகிறது. அதிக உயரம் ஏறாது. பெரும்பாலானவை தரையிலிருந்து 5 சென்டிமீட்டருக்குள்ளேயே நின்றுவிடும். ஆகவே ஒட்ட மேய்ந்த நிலத்தில் கன்றுகளை மேலும் மேயவிட்டால் அவை புல்லோடு புழுவையும் வாரி விழுங்குகின்றன.

விழுங்கப்பட்ட இளம்புழு நேராக இரைப்பைச் சுவரின் சுரப்பிக்குள் நுழைந்து அங்கே வளர்கிறது. மூன்று வாரத்தில் முட்டையிடத் தயார். ஆனால் அது தங்கியிருந்த சுரப்பி பாழாகிவிடுகிறது. அமிலம் சுரக்கும் செல்கள் அழிந்து, அமிலம் சுரக்கத் தெரியாத செல்கள் அவ்விடத்தை நிரப்புகின்றன. இரைப்பையின் பி.எச். எண் 2 அளவில் இருக்க வேண்டும், அது 7 வரை ஏறிவிடுகிறது. அமிலம் இல்லாவிட்டால் பெப்சினோஜென் பெப்சினாக மாறாது. பெப்சின் இல்லாவிட்டால் புரதச் செரிமானம் தடுமாறும். சேதமடைந்த சுவரின் வழியே இரத்தத்திலுள்ள புரதம் வேறு ஒழுகி வீணாகிறது. தாடையின் கீழ் நீர் கோத்ததற்குக் காரணம் அதுதான். இத்தனைக்கும் மேலாக ஒன்று: புழு புகுந்த கன்றுக்குப் பசியே எடுப்பதில்லை. எடை குறைவதற்குப் பெரிய காரணம் இந்தப் பசியின்மைதான் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

இப்புழுவுக்கு ஒரு சாமர்த்தியமும் உண்டு. வெளியே தன் சந்ததிக்கு ஆகாத பருவம் வரப்போகிறதென்றால், சுரப்பிக்குள் வளராமல் அப்படியே உறங்கிவிடும். ஸ்காட்லாந்தில் கடுங்குளிரைக் கழிக்கக் குளிர்காலத்தில் உறங்குகிறது. லூசியானாவில் சுட்டெரிக்கும் கோடையைக் கழிக்கக் கோடையில் உறங்குகிறது. ஒரே புழு, இரு நாடுகளில் இரு நாட்காட்டி! உறங்கியவை எல்லாம் ஒரே சமயத்தில் விழித்து வெளிவரும்போது இரைப்பைச் சுவர் மொத்தமாகப் புண்ணாகிறது. இந்த இரண்டாம் வகை நோயைக் கிளாஸ்கோ நகர ஆய்வாளர்கள் 1965-இல் தெளிவாக விளக்கினார்கள். தென்மாநிலக் கன்றுகள் பால் மறந்து நிற்கும் இலையுதிர் காலத்தை ஒட்டித்தான் அங்கே மேய்ச்சல் நிலம் ஈரமாகி, இளம்புழுக்கள் பெருகத் தொடங்குகின்றன. கன்றுக்கோ இன்னும் எதிர்ப்புத்திறன் முற்றவில்லை. பசுக்களுக்கு அது வந்துவிட்டதால், அதே நிலத்தில் மேய்ந்தும் அவை பெரும்பாலும் நலமாகவே இருக்கின்றன.

இனித் தீவனத்தின் பக்கம் வருவோம். இலையுதிர் காலப் புல் முற்றிக் காய்ந்தது. அதில் புரதம் குறைவு. மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களே நாரைச் செரிக்கின்றன. அவற்றுக்கும் நைட்ரஜன் வேண்டும். தீவனத்தில் புரதம் 7 சதவீதத்துக்கும் கீழே போனால் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும், வைக்கோல் வயிற்றிலேயே தங்கும், மாடு மேற்கொண்டு தின்னாது. வயிறு நிறைந்தும் பட்டினி!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? பால் மறந்த கன்று நாளொன்றுக்கு 6 கிலோ உலர்தீவனம் தின்பதாகவும், அதில் 11 சதவீதம் புரதம் தேவை என்றும் வைத்துக்கொள்வோம். அதாவது 660 கிராம். கையிலுள்ள உலர்புல்லில் 7 சதவீதமே உள்ளது. 6 கிலோவுக்கு 420 கிராம்தான் ஆகிறது. குறை 240 கிராம். இதைப் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கால் ஈடுகட்டலாம். அங்கே விற்கும் ஒரு தரத்தில் 41 சதவீதம் புரதம் உண்டு. ஒரு கிலோ புல்லை எடுத்துவிட்டு ஒரு கிலோ பிண்ணாக்கு வைத்தால் 340 கிராம் கூடும். ஆகவே 240-ஐ 340-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.7 கிலோ. அவ்வளவுதான்! முக்கால் கிலோவுக்கும் குறைவான பிண்ணாக்கு, மீதியுள்ள ஐந்தேகால் கிலோ புல்லையும் பயனுள்ளதாக்கிவிடுகிறது. பிண்ணாக்குக்குப் பதில் மலிவாகக் கிடைக்கிறதென்று வெறும் மக்காச்சோளத்தை அள்ளிப் போட்டால்? மாவுச்சத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகி, நாரைச் செரிப்பவை பின்தங்கிவிடும். புல் வீணாகும்.

இப்போது இரண்டு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். புழு நிறைந்த கன்றுக்குப் பிண்ணாக்கு வைத்தால், அதில் ஒரு பங்கு கிழிந்த இரைப்பையைத் தைக்கவும் ஒழுகிய புரதத்தை ஈடுசெய்யவும் போய்விடும். பசி இல்லாததால் ஒரு பங்கு தொட்டியிலேயே கிடக்கும். மாறாக, மருந்து மட்டும் கொடுத்துக் காய்ந்த புல்லில் விட்டால், பசி திரும்பிய கன்றுக்குத் தின்ன ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு, புழுவை எதிர்க்கும் பொருள்களை உடல் தயாரிப்பதும் புரதத்தைக் கொண்டுதான். பட்டினிக் கன்று அடுத்த படையெடுப்பைத் தாங்காது. மருந்தா, தீவனமா என்று நாம் கேட்ட கேள்வியே அரைகுறையானது.

மருந்தைப் பற்றி ஒரு சுவையான கதை உண்டு. ஜப்பானில் ஷிசுவோகா மாவட்டத்தில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு அருகே எடுத்த மண்ணிலிருந்து சதோஷி ஓமுரா ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். அது அமெரிக்காவிலுள்ள மெர்க் நிறுவனத்துக்குப் போயிற்று. அங்கே வில்லியம் கேம்பலின் குழு அதில் புழுக்களைக் கொல்லும் பொருள் இருப்பதைக் கண்டது. அதிலிருந்து உருவான ஐவர்மெக்டின் 1981-இல் கால்நடை மருந்தாக வெளிவந்தது. மனிதரின் ஆற்றுக்குருடு நோய்க்கும் அது மருந்தாயிற்று. 2015-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் ஊசி போதும். 200 கிலோ கன்றுக்கு 40 மில்லிகிராம்! அது புழுவின் நரம்பிலும் தசையிலும் உள்ள குளோரைடு வாயில்களைத் திறந்துவிட, புழு முடங்கிவிடுகிறது. அத்தகைய வாயில்கள் மாட்டுக்குக் கிடையாது.

இத்தனை எளிதாக இருந்ததால்தான் தொல்லையும் வந்தது. ஒரு கன்றுக்குள் 10,000 புழுக்கள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றில் 10 மட்டும் பிறவியிலேயே மருந்தைத் தாங்குபவை. மருந்து கொடுத்ததும் 9,990 போய்விட்டன. கன்று தேறிவிட்டது. ஆனால் அடுத்த சில வாரங்களில் சாணத்தில் விழும் முட்டைகள் யாருடையவை? அந்தப் பத்தினுடையவை மட்டுமே. மேய்ச்சல் நிலம் முழுவதும் மருந்தையே காணாத இளம்புழுக்கள் இருந்தால் இந்தப் பத்தின் சந்ததி அவற்றோடு கலந்து நீர்த்துப்போகும். புழுவே இல்லாத புதிய நிலமானால் அவர்கள் வைத்ததே சட்டம்!

1960-களின் இறுதியில் இங்கிலாந்தின் வேபிரிட்ஜ் ஆய்வுக்கூடத்திலிருந்து ஓர் அறிவுரை வந்தது: மருந்து கொடுத்த உடனே கன்றுகளைச் சுத்தமான நிலத்துக்கு மாற்றுங்கள் என்பதே அது. அந்நாளில் அது பெரிய நன்மை செய்தது. இன்றோ மேலே கண்ட கணக்கு அதற்கு எதிராக நிற்கிறது. மாடுகளின் குடலிலுள்ள கூப்பீரியா என்ற இன்னொரு புழு ஐவர்மெக்டினைத் தாங்குவதாக 1990-களில் நியூசிலாந்தில் கண்டார்கள். பின்னர் அமெரிக்கா உள்படப் பல நாடுகளிலும் இச்செய்தி வந்தது. எடை பாராமல் கண்மதிப்பில் குறைத்துக் கொடுப்பதும் இதை விரைவுபடுத்துகிறது. முதுகில் ஊற்றும் மருந்தை மாடுகள் ஒன்றையொன்று நக்குவதால், ஒன்றுக்குக் கூடுதலாகவும் மற்றொன்றுக்குக் குறைவாகவும் போய்ச் சேருகிறது. மருந்து கலந்த சாணத்தில் சாணவண்டின் புழுக்கள் மடிவது தனிக்கதை.

ஆகவே இன்று பல ஆய்வாளர்கள் விசித்திரமாகத் தோன்றும் ஒன்றைச் சொல்கிறார்கள்: மந்தையில் கொழுத்துச் செழித்த சில கன்றுகளுக்கு மருந்தே கொடுக்காதீர்கள். அவற்றின் புழுக்கள் சாதாரண முட்டைகளை நிலத்தில் தூவட்டும். எல்லாப் புழுக்களையும் கொல்லாமல் சிலவற்றை வேண்டுமென்றே விட்டுவைப்பது! மந்தையின் முட்டைகளில் பெரும்பகுதி ஒரு சில கன்றுகளிடமிருந்தே வருவதால், மற்றவற்றை விட்டுவைப்பதில் இழப்பு அதிகமில்லை. நல்ல தீவனம் கிடைக்கும் கன்றுகளைத்தான் இப்படித் துணிந்து விட முடியும் என்பதையும் கவனியுங்கள்.

மருந்து இன்னும் வேலை செய்கிறதா என்று அறிய விலையுயர்ந்த கருவி வேண்டாம், நுண்ணோக்கியும் உப்பும் போதும். கோழிமுட்டை உப்புநீரில் மிதக்குமே, அதே தத்துவம். 3 கிராம் சாணத்தைப் பூரித உப்புக்கரைசலில் கலந்து 45 மில்லிலிட்டராக்கி வடிகட்ட வேண்டும். பிறகு மக்மாஸ்டர் தகடு என்னும் கண்ணாடித் தகட்டின் இரு அறைகளில் ஊற்ற வேண்டும். இரண்டும் சேர்ந்து 0.3 மில்லிலிட்டர் கொள்ளும். சற்று நேரத்தில் புழுமுட்டைகள் மேலே மிதந்து வரும். கோடிட்ட கட்டத்துக்குள் எண்ணி 50-ஆல் பெருக்கினால் ஒரு கிராம் சாணத்திலுள்ள முட்டைகளின் எண்ணிக்கை. (ஏன் 50 என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.) சிட்னி நகரின் மக்மாஸ்டர் ஆய்வுக்கூடத்தார் 1939-இல் தந்த முறை இது. உறங்கும் புழு முட்டையிடாது என்பதால் அதை மட்டும் இம்முறை காட்டாது.

மருந்து கொடுத்த அன்று சராசரி 400, பதினான்காம் நாள் 60 என்றால் குறைவு 85 சதவீதம். 95-க்குக் கீழே போனால் அந்தப் பண்ணையின் புழுக்கள் மருந்துக்குப் பழகிவிட்டதாகச் சந்தேகிக்க வேண்டும். அந்தப் பண்ணைக்காரர் கால்நடை மருத்துவரைக் கேட்டு வேறு வகை மருந்துக்கோ, இரண்டு வகைகளைச் சேர்த்துக் கொடுப்பதற்கோ மாற வேண்டியதுதான். அதுவரை கன்றுகளை உயரமான புல் நிலத்தில் விட்டு, பிண்ணாக்குத் தொட்டியை நிரப்பி வைப்பது அவர் கையில் இருக்கிறது.