வலிப்பு நோய்க்கு மூளை அறுவை சிகிச்சை: மாத்திரையை நிறுத்தலாமா?

மூளையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டால் வலிப்பு மாத்திரைகளை உடனே நிறுத்திவிடலாம் என்ற எதிர்பார்ப்பு நோயாளிகளின் குடும்பத்தினரிடம் எழுவது இயல்பு. ஆனால், அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மருந்து தடைபடாமல் செலுத்தப்படுவதே நோயாளியின் பாதுகாப்புக்கு அடிப்படையாகும்.

யாருக்கு அறுவை சிகிச்சை?

பொருத்தமான இரண்டு மருந்துகளை உரிய அளவில் உட்கொண்டும் வலிப்பு கட்டுப்படாத நிலையே 'மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு' எனப்படுகிறது. வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்நிலையில் உள்ளனர். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இத்தகைய 116 சிறார்களிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2017-இல் வெளியாயின. அறுவை சிகிச்சை பெற்றவர்களில் 77 சதவீதத்தினர் ஓராண்டுக்குப் பின் வலிப்பின்றி இருந்தனர். மருந்து மட்டும் பெற்றவர்களில் இது 7 சதவீதமே.

சிகிச்சைக்கு முன்

வலிப்பு தொடங்கும் இடத்தைக் கண்டறியும் காணொலி இ.இ.ஜி. பரிசோதனையின்போது, மருத்துவமனைக் கண்காணிப்பில் மருந்தின் அளவு குறைக்கப்படுவதுண்டு. இதை வீட்டில் செய்து பார்ப்பது ஆபத்தானது. அறுவை சிகிச்சை நாளன்று உணவு தவிர்க்கப்பட்டாலும், காலை மாத்திரையைச் சிறிதளவு தண்ணீருடன் உட்கொள்ளுமாறு மருத்துவர்கள் பொதுவாக அறிவுறுத்துகின்றனர்.

வால்ப்ரோயேட் மருந்து ரத்தம் உறையும் தன்மையைப் பாதிக்கக்கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனை அவசியமாகிறது. பெனிட்டாயின், கார்பமாசெபின் ஆகியவற்றை நீண்டகாலம் உட்கொண்டவர்களுக்கு, தசைத் தளர்வு மருந்துகள் சிலவற்றின் விளைவு விரைவில் நீங்கிவிடும். எனவே, மயக்கவியல் மருத்துவரிடம் மருந்துகள் அனைத்தையும் தெரிவிக்க வேண்டும்.

அறுவை அரங்கில்

மயக்க மருந்துகள் பல மூளையின் மின் அலைகளை அடக்கிவிடும். ஆகவே, மூளையின் மேற்பரப்பில் மின்முனைகளை வைத்துப் பதிவு செய்யும்போது மயக்கத்தின் ஆழம் குறைக்கப்படுகிறது. பேச்சு, அசைவுப் பகுதிகளை அறிய மின்தூண்டல் அளிக்கும்போது வலிப்பு ஏற்பட்டால், குளிர்ந்த உப்புநீரை மூளையின் மேல் ஊற்றி அதனை அடக்குகின்றனர்.

சிகிச்சைக்குப் பின்

விழுங்க இயலாதவர்களுக்கு லெவிடிராசெட்டம் போன்றவை நரம்பூசி வழியாகச் செலுத்தப்படுகின்றன. முதல் வாரத்தில் வலிப்பு வந்தால் அறுவை சிகிச்சை தோல்வியுற்றது என்று பொருளல்ல; வீக்கமும் அதற்குக் காரணமாகலாம். எனினும், ரத்தக்கசிவு, சோடியம் குறைபாடு ஆகியவை உள்ளனவா என்று பரிசோதிக்க வேண்டும். ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடிக்கும் வலிப்பு அவசர சிகிச்சைக்குரியது.

வலிப்பின்றி நீண்டகாலம் கடந்த பின்னரே மருந்தைப் படிப்படியாகக் குறைப்பது பற்றி மருத்துவர் முடிவு செய்வார். சிலருக்கு மருந்து தொடர்ந்து தேவைப்படலாம்.