நின்றதும் குலுங்கும் கார்: காரணம் என்ன?

ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குச் சீராக ஏறிய கார், நிறுத்தத்தில் மட்டும் குலுங்குவது ஏன்? ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது பெட்ரோல் என்ஜின் பொதுவாக நிமிடத்துக்கு 700 முதல் 900 முறை சுழலும். அப்போது உள்ளே செல்லும் காற்று மிகக் குறைவு. எனவே த்ராட்டிலில் படிந்த கரியும், ரப்பர் குழாயின் சிறு விரிசலும்கூட அந்த அளவைக் குலைத்துவிடும். வேகத்தில் இது தெரியாது.

ஸ்கேனரில் 'பி0302' என்று வந்தால் இரண்டாவது சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. அதன் இக்னிஷன் காயிலை மூன்றாவதற்கு மாற்றிப் பொருத்தும்போது குறியீடு 'பி0303' ஆனால், பழுது காயிலில்தான். மாறாவிடில் ஸ்பார்க் பிளக்கைப் பார்க்கலாம். பணிமனையில் கேட்க வேண்டிய முதல் சோதனை இதுவே.

என்ஜின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் மலையேறக் கூடாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிப் பாழாக்கும். அதன் விலை காயிலைவிடப் பல மடங்கு அதிகம்.